‘டைட்டில் ஒன்’ பள்ளியில் பிள்ளை படிக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘டைட்டில் ஒன்’ என்ற ஒரே வார்த்தையைச் சுற்றித்தான் இருந்தன. அப்படிப்பட்ட ஒரு தொடக்கப் பள்ளியில், வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலையைப் பல வருடம் பார்த்தவள் நான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அக்கா, எடிசனில் வாடகை கட்டி மாளவில்லை என்று பக்கத்து ஊருக்கு மாறினோம். பள்ளி திறந்த முதல் வாரமே பையனின் பையில் ஒரு கடிதம் வந்தது, “எங்களுடையது டைட்டில் ஒன் பள்ளி” என்று. என் கணவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, பத்துக்கு மூன்று மதிப்பெண் வாங்கிய பள்ளி, ஏழைப் பிள்ளைகள் படிக்கிற இடம், உடனே வேறு வீடு பார்க்கலாம் என்கிறார். இது மோசமான பள்ளியா?
– ஒரு வாசகி, நியூஜெர்சி

இல்லைம்மா. அந்தக் கடிதம் பள்ளியின் தரத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை, பள்ளிக்கு வருகிற பணத்தைப் பற்றித்தான் சொல்கிறது. இந்த நாட்டில் பள்ளிச் செலவின் பெரும்பகுதி மாநில அரசிடமிருந்தும் உள்ளூர் சொத்து வரியிலிருந்தும் வருகிறது. வீட்டு விலை ஏறிக் கிடக்கிற ஊரில் வரி அதிகம், பள்ளிக்கும் பணம் அதிகம். வாடகைக் குடியிருப்புகள் நிறைந்த ஊரில் அது குறைவு. இந்தப் பள்ளத்தைக் கொஞ்சமாவது நிரப்பத்தான் மத்திய அரசு தனியாக ஒரு தொகை தருகிறது. 1965-ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் முதல் பகுதியாக அது இருப்பதால் டைட்டில் ஒன் என்று பெயர். நாட்டின் அரசுப் பள்ளிகளில் பாதிக்கும் மேல் இந்தப் பணத்தில் ஏதோ ஒரு பங்கு பெறுகின்றன, அதனால் உங்கள் பள்ளி ஒன்றும் தனித்து நிற்கவில்லை.

அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அதிபர் லிண்டன் ஜான்சன். 1928-ல், கல்லூரிப் படிப்பின் நடுவே, டெக்சாஸில் கட்டூலா என்ற சின்ன ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றி அதிபரான பிறகு நாடாளுமன்றத்திலேயே பேசியிருக்கிறார். 1965 ஏப்ரல் 11 அன்று, சின்ன வயதில் தான் படித்த பழைய பள்ளிக்கூடத்தின் முன்னால், தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எனக்குப் பிடித்த காட்சி அது. பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை வகுப்பறையில் நின்று பார்த்த ஒருவர் கொண்டுவந்த சட்டம் என்பதால் சொல்கிறேன்.

சரி, உங்கள் பையனுக்கு இதில் என்ன? பள்ளியில் 40 சதவீதப் பிள்ளைகளாவது குறைந்த வருமானக் குடும்பத்தவராக இருந்தால், அந்தப் பணத்தைச் சில பிள்ளைகளுக்கு மட்டும் என்று பிரிக்காமல் பள்ளி முழுவதற்கும் செலவழிக்கலாம். வாசிப்புக்கென்று தனியாக ஒரு ஆசிரியர், கணக்குக்கு ஒருவர், கோடை விடுமுறை வகுப்பு என்று எது வந்தாலும் உங்கள் பையனுக்கும் அதில் இடம் உண்டு, உங்கள் வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கப் போவதில்லை. இணையத்தில் பார்க்கிற பத்துக்கு மூன்று, பத்துக்கு எட்டு எல்லாம் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் போடுவது, அந்த மதிப்பெண்ணோ பெற்றோரின் வருமானத்தோடு ஏறி இறங்குவது. வீடு மாறுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளி அலுவலகத்துக்குப் போய் “உங்கள் ஸ்கூல்வைடு பிளானை (பள்ளி முழுமைக்குமான திட்டத்தை) பார்க்க வேண்டும்” என்று கேளுங்கள், அதைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. அதைப் படித்துவிட்டு உங்கள் கணவரோடு பேசுங்கள்.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருடத் திட்டம் எழுதுகிற குழுவில் பெற்றோர் சார்பாக உட்காரச் சொல்கிறார். நான் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள். கல்வி பற்றி எனக்கு என்ன தெரியும்? கையெழுத்துக்காகத்தான் கூப்பிடுகிறார்களோ என்றும் தோன்றுகிறது.
– ஒரு வாசகி, இர்விங், டெக்சாஸ்

போங்கள். கட்டாயம் போங்கள். சில பள்ளிகள் கையெழுத்துக்காக மட்டும் கூப்பிடுவதும் நடக்கத்தான் செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பெற்றோர் இல்லாமல் அந்தத் திட்டத்தை எழுதக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, அதனால் உங்கள் நாற்காலி யாரும் போடும் பிச்சை இல்லை.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் பள்ளியின் தேவை என்ன என்று கணக்கெடுப்பார்கள். எத்தனை பிள்ளைகள் வகுப்புக்கேற்ற அளவில் வாசிக்கிறார்கள், யார் அடிக்கடி வருவதில்லை, வருடத்தின் நடுவில் எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள், எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள், எத்தனை வீடுகளில் ஆங்கிலம் பேசுவதில்லை, நர்ஸ் அறைக்கு யார் அதிகம் போகிறார்கள், யார் மீது ஒழுங்கு நடவடிக்கை விழுகிறது, இதெல்லாம் அட்டவணையாக மேசைக்கு வரும். எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். எண் என்பது காய்ச்சல் மானி காட்டுகிற மாதிரிதான், காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், எதனால் வந்தது என்று சொல்லாது. அந்த ‘எதனால்’ பல நேரம் பிரின்சிபாலுக்குத் தெரியாது, வாத்தியார்களுக்கும் தெரியாது, அதே அபார்ட்மென்ட்டில் குடியிருக்கிற உங்களுக்குத் தெரியும்.

ஒரு உண்மை நடப்பு சொல்கிறேன். சில ஊர்களில் பிள்ளைகள் ஏன் வராமல் நின்றுவிடுகிறார்கள் என்று தோண்டிப் பார்த்தபோது, உடுத்திக்கொள்ளத் துவைத்த துணி இல்லை என்பது ஒரு காரணமாக வெளியே வந்தது. வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது, காசு போட்டுத் துவைக்கிற கடைக்குப் போகக் கையில் காசும் கிடையாது, அழுக்குச் சட்டையோடு வந்தால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், அதனால் பிள்ளை வீட்டிலேயே படுத்துவிடுகிறது. 2015-லிருந்து வேர்ல்பூல் நிறுவனம் பள்ளிகளுக்கே வாஷிங் மெஷினும் டிரையரும் கொடுக்கத் தொடங்கியது. இது தெரியாத பள்ளி என்ன செய்யும்? “வருகை முக்கியம்” என்று சுவரொட்டி ஒட்டும், பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும், மேலும் இரண்டு நாள் பிள்ளை வராமல் போகும்.

இன்னொன்று, சின்சினாட்டியில் ஓய்லர் பள்ளி. மிகவும் வறுமையான பகுதி, எட்டாம் வகுப்போடு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். படிக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உயர்நிலைப் பள்ளி அந்தப் பகுதிக்கு வெளியே இருந்தது, அங்கே போவதற்கு அந்தக் குடும்பங்கள் தயாராக இல்லை என்பதுதான் விஷயம். ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டு, அந்தப் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவர வைத்தார்கள். பிறகு பல் மருத்துவம், 2012-ல் கண் மருத்துவ மையம் எல்லாம் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே வந்தன. பலகையில் எழுதியது தெரியாத பிள்ளையை மந்தமான பிள்ளை என்று எத்தனை வகுப்பறைகள் ஒதுக்கியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

எங்கள் பள்ளியிலும் இப்படி ஒன்று நடந்தது. வீட்டில் எப்படி வாசிக்க வைப்பது என்று பெற்றோருக்கு மாலை நாலு மணிக்குக் கூட்டம் போட்டோம், ஆறு பேர் வந்தார்கள். “இந்தப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை” என்று ஒரு ஆசிரியர் சொன்னதை நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டக் குழுவில் இருந்த ஒரு தாய்தான், கிடங்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஷிஃப்ட் ஆறு மணிக்குத்தான் முடிகிறது, பள்ளிக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும், கைக்குழந்தையை எங்கே விடுவது என்று மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அடுத்த கூட்டத்தை அந்தக் குடியிருப்பின் கீழ்த்தள அறையில், ஏழு மணிக்கு, சாப்பாட்டோடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் வைத்துப் போட்டோம். அறையில் இடம் பற்றவில்லை. கூட்டத்துக்கு வரப் போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு, வீட்டுக்கே போய்ப் பேசுவது, இவற்றுக்கெல்லாம் டைட்டில் ஒன் பணத்தைச் செலவழிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கேட்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

அப்புறம் பணம். பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வேலைக்கு ஆள் எடுப்பது என்பதுதான் சண்டை. வாசிப்பு ஆசிரியரா, கவுன்சிலரா? பள்ளிக் கவுன்சிலர்களின் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பல பள்ளிகளில் அதைவிட அதிகமான பிள்ளைகளை ஒருவரே பார்க்கிறார். பொதுவாக உதவியை மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பது ஒன்று, பின்தங்கிய சிலருக்குச் சின்னக் குழுவாகக் கொடுப்பது ஒன்று, மிகவும் தேவைப்படுகிற ஓரிருவருக்குத் தனியாகக் கொடுப்பது ஒன்று. கூட்டத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள், ‘இந்தப் பணம் எந்த அடுக்கில் இருக்கிற எத்தனை பிள்ளைகளைத் தொடுகிறது?’ பி.காம். படித்தவர் நீங்கள், வரவு செலவு கேட்க உங்களைவிட யார் வேண்டும்?

பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஐந்து வாரம் தங்கலாம் என்று டிக்கெட் போட்டிருக்கிறோம். ஒன்றாம் வகுப்புதானே, பள்ளியில் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?
– ஒரு வாசகர், ஷார்லட்

ஏனென்றால் வருடத்தில் பத்தில் ஒரு பங்கு நாள் வரவில்லை என்றாலே அது நாள்பட்ட வராமை என்று கணக்கு. 180 நாள் பள்ளி என்றால் 18 நாள். உங்கள் ஐந்து வாரம் ஒரே வீச்சில் அதைத் தாண்டிவிடும். கொரோனாவுக்குப் பிறகு நாட்டில் நாலில் ஒரு பிள்ளைக்கு மேல் இந்தக் கணக்கில் விழுந்தது, அதனால் எல்லாப் பள்ளியும் இதில் கண்ணாக இருக்கின்றன. தொடர்ந்து பல நாள் வராவிட்டால் பெயரை நீக்கிவிட்டுத் திரும்பச் சேரச் சொல்லும் இடங்களும் உண்டு. ஒன்றாம் வகுப்புதானே என்கிறீர்கள், எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகுகிற வருடமே அதுதான். தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். முடிந்தால் கோடை விடுமுறைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் கிளம்புவதற்கு முன்னால் ஆசிரியரிடம் நேரில் சொல்லி, பாடங்களை வாங்கிக்கொண்டு போங்கள்.

இலவச மதிய உணவுக்கான படிவம் வந்திருக்கிறது. எங்களுக்குத் தகுதி இருக்கிறது, ஆனால் பிள்ளைக்கு அவமானமாக இருக்குமோ என்று தயங்குகிறேன். விசாவுக்குப் பிரச்சினை வரும் என்று தோழி வேறு சொல்கிறாள். நிரப்பவா, வேண்டாமா?
– ஒரு வாசகி, ஒஹாயோ

நிரப்புங்கள். அந்தப் படிவத்தில் குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். பெரியவர் ஒருவரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி நாலு இலக்கம் கேட்கும், எண் இல்லாவிட்டால் இல்லை என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கும். விசா என்ன வகை, குடியுரிமை உண்டா என்ற கேள்வியே கிடையாது. வருமானம் மத்திய அரசு வகுத்த வறுமைக்கோட்டில் 130 சதவீதத்துக்குள் என்றால் சாப்பாடு இலவசம், 185 சதவீதம் வரை என்றால் குறைந்த விலை, மதிய உணவுக்கு 40 சென்ட்டுக்கு மேல் வாங்க மாட்டார்கள்.

பிள்ளைக்கு அவமானம் என்கிறீர்கள். யார் இலவசம், யார் காசு என்று வரிசையில் தெரியாதபடி வைத்திருக்க வேண்டியது பள்ளியின் பொறுப்பு. கலிஃபோர்னியா, மெய்ன் மாநிலங்கள் 2022-லேயே வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் இலவசம் என்று ஆக்கிவிட்டன. மற்ற மாநிலங்களிலும், அரசு உதவி பெறும் குடும்பப் பிள்ளைகள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கிற பள்ளிகள் படிவமே வாங்காமல் எல்லாருக்கும் போடலாம். அந்த அளவை 2023-ல் 40 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைத்தார்கள். நம் ஊரில் காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று வளர்ந்த கதை உங்களுக்குத் தெரியாததா. நம்மில் எத்தனை பேருடைய அம்மா அப்பா அந்தத் தட்டில் சாப்பிட்டுப் படித்தவர்கள்!

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஊருக்குள் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு டைட்டில் ஒன் பணம் என்று பிரிக்கும்போது பல டிஸ்ட்ரிக்ட்டுகள், அதாவது ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கிற கல்வி மாவட்டங்கள், இந்த மதிய உணவுக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்கின்றன. தகுதி இருந்தும் நீங்கள் நிரப்பாமல் விட்டால், உங்கள் பள்ளியில் தேவை குறைவு என்று ஆகிவிடும். வெட்கத்தில் இருபது குடும்பம் படிவத்தை மடித்து வைத்தால் ஒரு உதவி ஆசிரியரின் வேலையே போகக்கூடும். எல்லாருக்கும் இலவசம் போடுகிற பள்ளியாக இருந்தால் வருமானம் கேட்டு வேறொரு தாள் வரலாம், சாப்பாடுதான் எப்படியும் கிடைக்கிறதே என்று அதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டீச்சர், கணவருக்கு வேலை போய்விட்டது. எச்-1பி என்பதால் 60 நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும். வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு ஊர் தள்ளி அவருடைய நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டில் இருக்கிறோம். மகள் நாலாம் வகுப்பு, பழைய பள்ளியை விட மாட்டேன் என்று அழுகிறாள். முகவரி மாறியது தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பள்ளியில் இன்னும் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம்

இன்றைக்கே சொல்லுங்கள் தங்கச்சி. நீங்கள் பயப்படுவதற்கு நேர் எதிராகத்தான் சட்டம் இருக்கிறது.

மெக்கின்னி-வென்ட்டோ என்று ஒரு சட்டம், 1987-லிருந்து இருக்கிறது. தெருவில் படுப்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். வீட்டை இழந்தோ பணக் கஷ்டத்தாலோ இன்னொருவர் வீட்டில் ஒண்டியிருக்கிற குடும்பத்தின் பிள்ளையும் இந்தச் சட்டத்தின் கணக்கில் வீடற்ற பிள்ளைதான். அந்த வார்த்தை உங்களுக்கு வலிக்கும், எனக்குத் தெரியும். நல்ல சம்பளத்தில் இருந்துவிட்டு இப்படி ஒரு பட்டியலில் பெயர் வருவதை ஏற்க முடியாமல், பிள்ளையை அலைக்கழித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வார்த்தையை உங்கள் மகளுக்கான சாவி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவள் பழைய பள்ளியிலேயே தொடரலாம். நீங்கள் கேட்டால் போக வர வண்டி ஏற்பாடு செய்து தர வேண்டும், இரண்டு டிஸ்ட்ரிக்ட் என்றால் செலவை அவர்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். நடுவில் நிரந்தர வீடு கிடைத்தாலும் அந்தக் கல்வி ஆண்டு முடியும் வரை அங்கேயே படிக்கலாம். மதிய உணவு தனி விண்ணப்பம் இல்லாமலே இலவசம். ஒருவேளை புதிய ஊரின் பள்ளியில் சேர்ப்பதுதான் அவளுக்கு நல்லது என்று முடிவெடுத்தால், பழைய சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று கையில் இல்லை என்று காரணம் காட்டி நிறுத்தி வைக்கக் கூடாது, உடனே சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டிலும் இதற்கென்றே ஒரு லியாசன், அதாவது தொடர்பு அலுவலர், இருந்தாக வேண்டும். பள்ளி அலுவலகத்தில் “மெக்கின்னி-வென்ட்டோ லியாசன் யார், எண் கொடுங்கள்” என்று மட்டும் கேளுங்கள், முன் மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி மறுத்தால் அதை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் ஆட்சேபித்தால், அந்தத் தகராறு தீரும் வரை மகள் வகுப்பில்தான் இருப்பாள். விசாவை நினைத்து இதைத் தள்ளிப் போடாதீர்கள், குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் இடம் மறுக்க முடியாது என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மகளின் ஆசிரியருக்கும் ஒரு வரி சொல்லிவையுங்கள். வீட்டுப் பாடம் செய்ய மேசை இல்லாத பிள்ளை என்று தெரிந்தால் எந்த நல்ல ஆசிரியரும் வேறு மாதிரிதான் நடத்துவார்.

எனக்கு ஆங்கிலம் சரியாக வராது. பள்ளிக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகள்தான் எனக்கு மொழிபெயர்க்கிறாள். போன முறை அவளைப் பற்றிய புகாரையே அவள் வாயால் கேட்க வேண்டியிருந்தது. ஆசிரியர் பத்து நிமிடம் பேசியதை “ஒண்ணும் இல்லம்மா, நல்லா படிக்கணுமாம்” என்று முடித்துவிட்டாள். வேறு வழி உண்டா?
– ஒரு தாய், குயின்ஸ், நியூயார்க்

உண்டு. பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க வைத்தது பள்ளியின் தவறு, உங்கள் குறை இல்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே “எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று எழுதிக் கொடுங்கள், தமிழில் எழுதிக் கொடுத்தாலும் சரிதான். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் தொலைபேசியில் இணைக்கும் சேவை இருக்கிறது, அதற்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும், சான்ஃப்ரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகளுக்காக 1974-ல் வந்த லாவ் வழக்குத் தீர்ப்பும்தான் இதற்கு அடித்தளம். அந்தத் தீர்ப்பு பிள்ளைகளின் பாடத்தைப் பற்றியது. பெற்றோரைப் பொறுத்தவரை, முடிந்த வரை குடும்பத்துக்குப் புரிகிற மொழியில் பள்ளி தொடர்ந்து பேச வேண்டும் என்று டைட்டில் ஒன் சட்டமே சொல்கிறது.

சேர்க்கையின்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். நம் ஆட்கள் பலர், பிள்ளையைப் பின்தங்கிய வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடுகிறார்கள். வேண்டாம். தமிழ் என்றே எழுதுங்கள். அங்கே தமிழ் என்று எத்தனை பேர் எழுதுகிறோமோ அதை வைத்துத்தான் தமிழில் கடிதம் போடலாமா, ஆள் வைக்கலாமா என்று யோசிப்பார்கள்.

மகளிடம் கோபப்படாதீர்கள். அந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

மூன்று வருடமாகப் பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறேன். சர்வே நிரப்புகிறோம், ஒப்பந்தம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள், திட்டம் என்று அறுபது பக்கம் காட்டுகிறார்கள். எதுவும் மாறவில்லை. இதெல்லாம் வெறும் காகிதம்தானே?
– ஒரு வாசகர், சிகாகோ

உங்கள் அலுப்பு நியாயமானது. காகிதமாகவே கிடக்கிற திட்டங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்தக் காகிதம் ஏன் வந்தது என்று பாருங்கள். சட்டம் வந்து நாலே வருடத்தில், 1969-ல், ஏழைப் பிள்ளைகளுக்கான இந்தப் பணம் எங்கே போகிறது என்று ஆராய்ந்த ஒரு அறிக்கை வெளிவந்தது. நீச்சல் குளம் வரைக்கும் அதில் வாங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடுகள் இறுகின. எப்படியும் செய்தாக வேண்டிய செலவுக்கு இதை எடுத்து ஈடுகட்டக் கூடாது, மேலதிகமாகத்தான் செலவழிக்க வேண்டும் என்ற விதி அப்படி வந்ததுதான். காகிதத்தில் இருப்பதால்தான் உங்களால் கேள்வி கேட்க முடிகிறது.

அந்த ஒப்பந்தத் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அதில் இருந்தால் அது பாதித் தாள்தான். பள்ளி என்ன செய்யும் என்பதும் இருக்க வேண்டும், தொடக்கப் பள்ளியில் வருடத்துக்கு ஒரு முறையாவது ஆசிரியரோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். டிஸ்ட்ரிக்ட்டுக்கு வருடம் 500,000 டாலருக்கு மேல் டைட்டில் ஒன் பணம் வந்தால், அதில் ஒரு சதவீதமாவது குடும்பங்களுக்கான வேலைகளுக்கென்று ஒதுக்கி, அதில் 90 சதவீதத்தைப் பள்ளிகளுக்கே தர வேண்டும். அதை எப்படிச் செலவழிப்பது என்பதில் பெற்றோர் பேச்சுக்கு இடம் உண்டு. போன வருடம் எங்கள் பள்ளிக்கு அதில் எவ்வளவு வந்தது, எதில் செலவானது என்று கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். உதவிகள் எவ்வளவு வந்தாலும் பாடம் சரியாக நடக்காவிட்டால் பிள்ளை ஏறாது. கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸின் அறக்கட்டளை உதவியோடு 2018-ல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் ‘ஐ பிராமிஸ்’ என்ற அரசுப் பள்ளி தொடங்கியது. குடும்பங்களுக்கு உணவுப் பொருள், பெற்றோர் படித்து முடிக்க வகுப்பு, எல்லாம் பள்ளிக்குள்ளேயே. நாடே பாராட்டியது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் 2023-ல், அங்குள்ள பிள்ளைகளின் கணிதத் தேர்ச்சி பற்றி ஆக்ரன் கல்வி வாரியக் கூட்டத்தில் கடுமையான கேள்விகள் எழுந்தன. அந்த உதவிகள் வீண் என்று நான் சொல்லவில்லை, பசி தீர்ந்த பிள்ளைக்கு நல்ல கணக்கு வாத்தியாரும் வேண்டும். உங்கள் பள்ளித் திட்டத்தில் இரண்டுமே இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது புதிய திட்டத்தைக் கேட்காதீர்கள், போன வருடத் திட்டத்தை மதிப்பீடு செய்த அறிக்கையைக் கேளுங்கள். பள்ளி முழுமைக்கும் பணத்தைச் செலவழிக்கிற பள்ளி ஒவ்வொரு வருடமும் அதைச் செய்தாக வேண்டும். எது பலன் தந்தது, எதை நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளையின் ஆசிரியரின் தகுதி என்ன என்று எழுத்தில் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. தகுதிச் சான்று இல்லாத ஒருவர் தொடர்ந்து நாலு வாரமோ அதற்கு மேலோ பாடம் எடுத்தால் பள்ளி தானாகவே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். இவ்வளவுக்கும் பதில் திருப்தி இல்லை என்றால், பெற்றோர் நாலு பேர் சேர்ந்து உங்கள் ஆட்சேபணையை எழுதிக் கொடுங்கள். அந்தத் திட்டத்தை டிஸ்ட்ரிக்ட்டுக்கு அனுப்பும்போது பெற்றோரின் கருத்தையும் கூடவே அனுப்பியாக வேண்டும். எழுதிக் கொடுத்த தாளில் ஒரு நகலை, தேதியும் பெற்றுக்கொண்டவர் கையெழுத்தும் வாங்கி, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.